தெரியுதுங்க

ஆகஸ்ட், ஞாயிறு: திருவையாற்றிலிருந்த அக்காவுடன் காணொளி அழைப்பு, அவருக்குப் பக்கவாதம் வந்தபின் முதல் முறை. அன்று மாலை: பயணச்சீட்டைப் பொங்கலுக்குத் தள்ளிவைத்தேன். அக்டோபர், வியாழன்: அக்கா காலமானார். சனி: நான் போய்ச் சேர்ந்தேன். எரியூட்டல் முடிந்திருந்தது.

இந்த ஜெர்மன் நகரத்தில் பேரன் வயது மாணவர்களும் என்னை ‘டூ’ என்றே அழைக்கிறார்கள், நம் ‘நீ’. ரயிலில் சீட்டுப் பரிசோதிப்பவர் மட்டும் ‘ஸீ’ என்கிறார், நம் ‘நீங்கள்’. அறிமுகமில்லாதவருக்கே இங்கு மரியாதை. வந்த புதிதில் அது உறுத்தியது, பிறகு பழகிவிட்டது.

அக்கா என்னை ‘டா’ போட்டுத்தான் பேசுவார். கேலிக்கு மட்டும் மரியாதை வரும்: “துரை எந்திரிச்சாச்சுங்களா?” அன்றைய அழைப்பில் இரு பக்கமும் குரல் விட்டு விட்டுக் கேட்டது. படம் தெளிவாக இருந்தது. “அக்கா, என்னைத் தெரியுதா?” என்றேன்.

“நல்லாத் தெரியுதுங்க. சாப்பிட்டீங்களா?”

நான் சிரித்தேன். கிண்டல் திரும்பிவிட்டது, அக்காவும் தேறிவிட்டார் என்று முடிவு செய்தேன். “பொங்கலுக்கு வர்றேன்” என்று அவர் மகள் மாலதியிடம் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தேன்.

ஒரு முகத்தையோ மரத்தையோ காணும்போது மூளையில் எழும் துடிப்புகளைக் கணினியில் அமைத்த ஒரு மாதிரியில் எழுப்பி, அவற்றுக்குப் பொருள் சொல்வது என் தொழில். முகம் காட்டினால் மாதிரியின் ஒரு பகுதி துடிக்கும். அது முகத்தைப் பதிவு செய்ததற்குச் சான்று. யாருடையது என்று அறிந்ததற்கு அல்ல. ஆண்டுதோறும் முதல் வகுப்பில் இதைத்தான் சொல்கிறேன்.

அக்டோபரில், அக்கா வீட்டுக் கூடத்தில் மாலதி எனக்குக் காப்பி வைத்தாள். வெளியே குறுவை நெல் அறுக்கும் இயந்திரத்தின் சத்தம்.

“அம்மாவுக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு மாமா. எது களை, எது பயிருன்னு வரப்புல நின்னே சொல்லுவாங்க. முகம்தான் பிடிபடலை. குரல் கேட்டாத்தான் ஆளு யாருன்னு தெரியும். நீங்க வச்சதும், ‘யாருடி அந்தக் கண்ணாடிக்காரரு, தங்கமா சிரிக்கிறாரு’ன்னாங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“நீங்க சிரிச்சீங்களே மாமா. உங்களுக்குப் புரிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். நீங்க படிச்ச படிப்பே அதுதானே.”

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் மறுத்திருப்பேன்.

திரும்பி வந்தபின், உடன் பணிபுரியும் ஊட்டாவிடம், தமிழில் கண்ணுக்குப் படுவதற்கும் அறிந்திருப்பதற்கும் ‘தெரியுது’ என்ற ஒரே சொல்தான் என்றேன். “எவ்வளவு சிக்கனம்! உன் அடுத்த உரைக்கு நல்ல தொடக்கம்” என்று அவள் மகிழ்ந்தாள். நான் தலையசைத்தேன். அக்கா எந்தப் பொருளில் அதைச் சொன்னார் என்பது கடைசி ‘ங்க’விலேயே இருந்தது என்று அவளுக்கு விளக்கவில்லை.

இப்போது ரயிலில் எவரேனும் ‘ஸீ’ என்றால் சீட்டை நீட்ட மறந்து அவர் முகத்தையே பார்க்கிறேன். ஜன்னலுக்கு வெளியே கோதுமை வயல் ஓடுகிறது. காதில் திருவையாற்று அறுவடை இயந்திரம்.

செய்யாமல் நிற்பவை:
மாலதியை அழைக்க வேண்டும். படம் வேண்டாம், குரல் மட்டும்.
கட்டுரை வரைவில் ‘மாதிரி, முகத்தை அறிகிறது’ என்ற வாக்கியத்தை அடிக்க வேண்டும்.
பொங்கலுக்கான சீட்டை ரத்து செய்ய வேண்டும்.
சாப்பிட்டேனா என்று அக்கா கேட்டார். சிரித்தேனே தவிரப் பதில் சொல்லவில்லை.