காத்தாடிப் பொம்மரை நம்பி அச்சுவேலியில் இருந்த அக்கா

சண்டிலிப்பாயிலிருந்து அச்சுவேலிக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று இந்த வலைப்பூவை வாசிக்கும் இருவர் கேட்டிருந்தார்கள். இன்றைக்கு என்றால், மருதனார்மடத்தில் பஸ் மாறி ஏறுவதையும் சேர்த்து, ஒன்றேகால் மணித்தியாலம். ஆனால் அந்த வழியை யார் கேட்டாலும் எனக்கு 1992 மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அன்றைக்கு அதே பன்னிரண்டு மைலுக்கு மூன்று மணித்தியாலமும் பத்து நிமிடமும் எடுத்தது. அந்தப் பயணத்தையே எழுதுகிறேன். வழி மாறவில்லை.

போன காரணம் அக்கா. என்னைவிட ஏழு வயது மூத்தவர், கலியாணம் செய்யாதவர், அச்சுவேலியில் எங்கள் தாய்வழி வீட்டில் தனியே இருந்தார். முழங்கால் வாதம். தடி இல்லாமல் நடக்க மாட்டார். விமானத்தளம் அங்கிருந்து கிட்ட. என் கணவர் காலமாகி நான்கு வருடம். சண்டிலிப்பாய் வீட்டில் எனக்கு மூன்று அறை சும்மா கிடந்தது. வாருங்கள் என்று மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் ஒரே பதில்: "காத்தாடி வரேக்கை எனக்குக் கேக்கும். எனக்கு நேரமிருக்கு."

காத்தாடி என்றால் என்னவென்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் எங்கள் தலைக்கு மேல் பொம்மர், அதாவது அரசாங்கத்தின் குண்டு போடும் விமானம், இரண்டு வகை வந்தது. ஒன்று மூக்கில் விசிறி சுழலும் பழைய சின்ன விமானம். ஆறுதலாக வரும், வட்டம் போடும், பிறகுதான் குத்திக் குண்டு போடும்; அதற்குள் வளவில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் பதுங்கிவிடலாம். அதைத்தான் காத்தாடி என்போம். மற்றது ஜெற்; சத்தம் கேட்கும்போதே தலைக்கு மேல் வந்துவிடும். அது இடைக்கிடைதான் வந்தது. அந்த மாசியில் ஒரு கதை ஊரெல்லாம் ஓடியது: காத்தாடியை நிறுத்திவிட்டு இனி ஜெற் மட்டுமே விடப் போகிறார்கள் என்று. அது உண்மையென்றால் அக்காவின் பதிலுக்கு அர்த்தமில்லாமல் போய்விடும். அதனால் இந்த முறை கடிதம் எழுதவில்லை. நேரில் போய்க் கூட்டிக்கொண்டு வருவதென்று முடிவெடுத்தேன்.

கார் எங்களூர்ச் செல்லத்துரையுடையது, ஓட்டியதும் அவர்தான். பழைய ஒஸ்ரின். பெற்றோல் கிடைக்காத காலம், மண்ணெண்ணெயில்தான் ஓடியது. கிளப்புவதற்கு மட்டும் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார். அதில் ஆறு துளி, கூடினால் ஏழு. போக வர எழுநூற்றைம்பது ரூபாய் பேசினோம். காலை ஆறு நாற்பதுக்குப் புறப்பட்டோம். அச்சுவேலிச் சந்தைக்கு பீற்றூட் கொண்டுபோகும் மணி என்ற மரக்கறிக்காரி இரண்டு சாக்கோடு பின் ஆசனத்தில் ஏறிக்கொண்டார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். மகளைப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்குப் படிப்பித்தேன். அதனால் எனக்கு அவர் மணி, அவருக்கு நான் ரீச்சர்.

மண்ணெண்ணெய்க் கார் போடுகிற சத்தத்தில் வானத்தில் எது வந்தாலும் கேட்காது. ஆகவே அந்நாளையச் சாரதிகளுக்கு ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு சந்திக்கும் கொஞ்சம் முன்னால் மரநிழலில் நிறுத்தி, எஞ்சினை நூர்த்து, அதாவது அணைத்து, கண்ணை மூடி முப்பது வரை எண்ணுவார்கள். யாரும் கதைக்கக் கூடாது. ஒன்றும் கேட்காவிட்டால் மறுபடி துளி விட்டு, கைபிடி சுற்றிக் கிளப்ப வேண்டும். மானிப்பாய், உடுவில், மருதனார்மடம் என்று போகும்போதே நான்கு தரம் நின்றோம். செல்லத்துரை இருபத்திரண்டில் கண்ணைத் திறந்துவிடுவார். முப்பது வரும் வரை நான் விடவில்லை.

மருதனார்மடத்தில் ஏழு முப்பத்தைந்து. சந்திக்குக் கிட்டத் தேத்தண்ணிக் கடை. சீனி இல்லை, பனங்கட்டித் துண்டு தந்தார்கள். தேத்தண்ணி மூன்று ரூபாய், சாயம் நன்றாகவே இருந்தது. அங்கேதான் விவாதம் தொடங்கியது.

"ரீச்சர், கேள்விப்பட்டனீங்களே? காத்தாடிக்குப் பென்சன் குடுக்கப் போறாங்களாம்" என்றார் செல்லத்துரை.

"ஆர் சொன்னது?"

"றேடியோவிலை போனதாம். பழசாப் போச்சு, கெதி காணாது எண்டு மேலிடம் சொல்லுதாம். அதை ஓட்டுற ஆக்கள் விடமாட்டம் எண்டு நிக்கினமாம். தங்களுக்கு உதிலைதான் நம்பிக்கையாம்."

"எங்களுக்கும் உதிலைதானே நம்பிக்கை!" என்றார் மணி. "என்னை ஒருக்கால் கேட்டிருந்தா நானும் அவையோடை சேந்து கையெழுத்து வைச்சிருப்பன்."

கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தோம். ஆனால் செல்லத்துரை ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்கள் விசர்க்கதை கதையாதேங்கோ மணியக்கா. காத்தாடி எங்கடை வளவிலை எத்தினை கோழி நிக்குது எண்டு எண்ணிப் பாத்திட்டுத்தான் குத்துவான். ஜெற்காரனுக்கு உதுக்கெல்லாம் நேரமில்லை. ரெண்டு நிமிசத்திலை அலுவல் முடிஞ்சுது."

"ஓம், உன்ரை அலுவலும் முடிஞ்சுது. சத்தம் வரேக்கை நீ இருக்கமாட்டாய்."

"அவன் உயரத்திலை போறான். குறி தப்பும்."

"உனக்குத் தப்பும். பக்கத்து வீட்டுக்காரனுக்கு?"

இப்படியே போனது. இருவரிடமும் ஒரு எண்ணும் இல்லாததால் நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. காத்தாடிச் சத்தம் கேட்டதிலிருந்து அது மேலே வர எத்தனை நிமிடம் என்று மணியைக் கேட்டேன்.

"நிமிசம் ஆருக்குத் தெரியும் ரீச்சர்? அடுப்பை நூர்த்து, பானையை மூடி, ஆட்டை அவிட்டுக்கொண்டு போய்ப் பங்கருக்குள்ளை இருந்து, வெத்திலையும் போட்டிடுவன்."

அதை நான்கு நிமிடம் என்று கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

உரும்பிராய், கோப்பாய் தாண்டி நீர்வேலிக்கு வர எட்டு ஐம்பது. வாழைத்தோட்டத்துக்குப் பக்கத்தில் எஞ்சினை நூர்த்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கில் கேட்டது: சீரான, தாழ்ந்த, விட்டுவிட்டு வராத உறுமல். "காத்தாடி!" என்று முதலில் சொன்னது நான்தான். செல்லத்துரை கதவைத் திறந்து ஒரு பக்கம் பாய்ந்தார். நான் மற்றப் பக்கம், வாழைக்கு நீர் ஓடும் வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்தேன். செம்மண் சேறு. நான் உடுத்திருந்தது கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. காருக்குள்ளிருந்து மணியின் குரல் வந்தது.

"எழும்புங்கோ ரீச்சர். உது இறைப்பு மிசின். வாய்க்காலிலை தண்ணி வருதெல்லோ, பாக்கேல்லையே?"

தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. என் முழங்கைக்கு வந்துவிட்டது.

"அப்ப ஏன் முதலே சொல்லேல்லை?"

"முப்பது எண்ணி முடியுமட்டும் கதைக்கக்குடா எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

தோட்டக்காரர் ஓடி வந்து, மிசினை நிறுத்தி, தன் பிழை போல மன்னிப்புக் கேட்டார். தினமும் மூன்று நான்கு பேர் அந்த வாய்க்காலுக்குள் படுப்பதுண்டாம். ஒரு குடம் தண்ணீர் தந்தார். கறை போகவில்லை.

புத்தூர், ஆவரங்கால் வழியாக ஒன்பது ஐம்பதுக்கு அச்சுவேலி. மணியைச் சந்தையில் இறக்கிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா தடியை ஊன்றி வாசலில் நின்று என்னை மேலிருந்து கீழ் பார்த்தார்.

"மதர் சுப்பீரியர் இப்ப உன்னைப் பாத்திருக்க வேணும்" என்றார். நாங்கள் இருவரும் கன்னியர் மடத்து விடுதியில் வளர்ந்தவர்கள். சேலையில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அங்கே ஞாயிற்றுக்கிழமை விளையாட விட மாட்டார்கள்.

சாப்பாடு பதினொன்றரைக்கே தந்தார். கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, சம்பல். செல்லத்துரையும் கூட இருந்து சாப்பிட்டார். ஒன்றரைக்குத் திரும்பிப் புறப்பட வேண்டும் என்று முதலே சொல்லியிருந்தார். எனக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது.

றேடியோக் கதையைச் சொன்னேன். அக்காவும் கேள்விப்பட்டிருந்தார். "நிப்பாட்டமாட்டாங்கள். நல்ல சாமானை ஆர் நிப்பாட்டுவான்?" என்றார்.

"நிப்பாட்டினால்?"

மணிக்கூட்டைக் கழற்றிக் கையில் வைத்தேன். "அக்கா, இப்ப சத்தம் கேக்குது எண்டு நினையுங்கோ. பங்கருக்குப் போங்கோ." அவர் மறுக்கவில்லை, கணக்குக்கு மறுப்புச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அடுப்பை நூர்த்தார், செருப்பைப் போட்டார், தடியை எடுத்தார், கிணற்றடி தாண்டி மாமரத்தடிப் பங்கருக்குள் இறங்கினார். மூன்று நிமிடமும் ஐந்து விநாடியும்.

"காத்தாடிக்கு நாலு நிமிசம். உங்களுக்கு அம்பத்தைஞ்சு விநாடி மிச்சம்" என்றேன். "ஜெற்றுக்கு அரை நிமிசமும் இல்லை. நீங்கள் கிணத்தடியிலை நிப்பியள்."

பங்கருக்குள்ளிருந்தபடியே அக்கா கேட்டார்.

"உன்ரை வீட்டுப் பங்கர் எங்கை?"

"மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னாலை."

"வீட்டிலை இருந்து எத்தினை யார் தூரம்?"

எனக்குத் தெரியவில்லை. சேலைக்கு முழம் அளந்து வாங்குகிறவள், பிள்ளைகளின் விடைத்தாளில் அரை மார்க்குக்கு வாதாடுகிறவள், அதை ஒருநாளும் அளக்கவில்லை.

"நூறு யார் வரும் அக்கா" என்றார் கிணற்றுக்கட்டில் இருந்த செல்லத்துரை, யாரும் கேட்காமலே. "புகையிலை நட்ட தறைக்கு அங்காலையெல்லோ. நான் மூட்டை பறிக்கப் போனனான்."

"ஏன் அவ்வளவு தூரத்திலை?"

அதற்குக் காரணம் இருந்தது. வீட்டு முன்முற்றத்தில் நான் இருபத்தாறு குறோட்டன் செடி வைத்திருந்தேன், நிறம் பார்த்து வரிசையாக. பங்கர் வெட்ட வந்தவர்கள் அந்த இடந்தான் நல்லது என்றார்கள். நான் விடவில்லை. அதை அக்காவிடம் சொன்னபோது என் காதுக்கே நன்றாக இருக்கவில்லை.

"என்னை மூண்டு நிமிசத்திலை இருந்து எடுத்து அஞ்சு நிமிசத்துக்குக் கொண்டுபோக, எழுநூற்றைம்பது ரூவா குடுத்து வந்திருக்கிறாய்" என்றார் அக்கா.

செல்லத்துரை எழுந்து காரைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் பிழை என்று ஒத்துக்கொள்வது குறைவு. அன்றைக்கு ஒத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் முற்றத்தை வெட்டுவிக்கிறேன் என்றேன். அக்கா பங்கர்ப் படியில் இருந்தபடியே கையை நீட்டினார், தூக்கிவிட்டேன்.

"உன்ரை வாய்ச்சொல்லு காணாது. ஒரு குறோட்டனுக்கு இரங்கி நீ கிடங்கை அங்காலை தள்ளிப்போடுவாய். நான் வந்து பக்கத்திலை நிண்டு வெட்டுவிக்கிறன். பத்து நாள்தான்."

ஒன்றரைக்குப் புறப்பட்டோம். அக்காவிடம் ஒரு றெக்சின் பை, ஒரு தலையணை, தடி. நீர்வேலியில் அதே தோட்டக்காரரிடம் கப்பல் வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கினோம், பதினெட்டு ரூபாய். நாலு பத்துக்கு வீடு.

அடுத்த நாளே இரண்டு பேர் வந்து தொடங்கினார்கள். அக்கா கதிரை போட்டு இருந்து பார்த்தார். பதினேழு குறோட்டன் போயின. மூன்றாம் நாள் மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டு முடிந்தது. படுக்கையறைக் கதவிலிருந்து பதினொரு காலடி. என் மணிக்கூட்டை வாங்கி அக்கா என்னை நடக்கவிட்டார். பிறகு நான் அவரை. எனக்கு ஒன்பது விநாடி, அவருக்கு இருபத்திரண்டு.

காத்தாடியை உண்மையாகவே நிறுத்தினார்களா என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. எங்கள் பக்கம் அது வருவது குறைந்தது. ஜெற் முதல் முறை எங்களூருக்கு மேல் வந்த காலையில் நானும் அக்காவும் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். கீச்சென்று ஒன்று கேட்டது. நாங்கள் பங்கர்ப் படியில் இறங்கும்போதே அது தலைக்கு மேலால் போய்விட்டது. குண்டு விழுந்தது தூரத்தில், வெறும் வயலில். புகையிலைத் தறையைத் திரும்பிப் பார்த்தேன். பழைய பங்கருக்கு ஓடியிருந்தால் அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் அதன் நடுவில் நின்றிருப்போம்.

"உன்ரை மிளகாய் சிந்திப்போச்சு" என்றார் அக்கா. பத்து நாளுக்கு வந்தவர் மூன்றரை வருடத்துக்கு மேல் என்னோடு இருந்தார். என் வாழ்க்கையில் நான் தோற்ற விவாதங்களில் எனக்கு ஆகக் கூடுதலாகத் தந்தது அன்றைய விவாதம்தான்.

இனி இப்போது போகிறவர்களுக்கு. காலை ஏழுக்கு முன் புறப்படுங்கள். மருதனார்மடத்தில் சந்தை கூடினால் வீதி அடைத்துவிடும். பஸ் மாறி ஏறும் இடைவெளியில் ஆஞ்சநேயர் கோயிலைப் பார்க்கலாம். இரண்டு ரிக்கற்றும் சேர்த்து நான் கடைசியாகப் போனபோது நூற்றிருபது ரூபாய். நீர்வேலியில் பழம் வாங்குவதென்றால் திரும்பி வரும்போது வாங்குங்கள், இல்லாவிட்டால் நசியும். நிலாவரைக் கிணறு பார்க்க புத்தூரில் இறங்கி முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டும். வாடகையை ஏற முன் பேசுங்கள். வெள்ளை உடுப்பு வேண்டாம், செம்மண் தூசி. யாராவது மூத்தவரைக் கூட்டிவரப் போகிறீர்கள் என்றால், புறப்பட முன் உங்கள் வீட்டை ஒருதரம் அளந்து பாருங்கள். அவர் கட்டாயம் கேட்பார்.