கொம்பு இல்லாத எட்டு வாரம்

கினுயோ தன் அறுபத்திரண்டு வயதுக்குள் தின்ற கொம்பை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் ஜப்பானின் தொயாமா வளைகுடாவிலிருந்து நிலாவைத் தொட்டுவிடலாம். சரி, நிலா கொஞ்சம் அதிகம். ஹொக்கைடோ வரை என்று வைத்துக்கொள்வோம். தலையில் முளைக்கிற கொம்பு அல்ல, கடலில் முளைக்கிற பாசி. துறைமுகத்தருகே அவள் விற்கும் சோற்று உருண்டையின் மேல் சுற்றுவதும் அதுதான், சூப்புக்கு ருசி தருவதும் அதுதான்.

அப்படிப்பட்டவளுக்கு முகம் வீங்கியது, குரல் கரகரத்தது, ஜூன் மாதத்திலும் கம்பளிக் காலுறை தேவைப்பட்டது. உடம்பே தன் தைராய்டைப் பகையாளியாக நினைத்து மோதுகிற ஹஷிமோட்டோ நோய் என்றார் டாக்டரம்மா மாகிதா. ரத்தத்தில் நாலுக்குள் இருக்க வேண்டிய டி.எஸ்.எச். என்ற தைராய்டு எண் பதினெட்டில் நின்றது.

"கினுயோ சான், கொம்புல அயோடின் ரொம்ப ஜாஸ்தி. அது அளவு மீறினாலும் தைராய்டு படுத்துக்கும். எட்டு வாரம் விட்டுப் பாருங்க. எண் நல்லா இறங்கினா மாத்திரை வேண்டாம். இல்லைன்னா தினம் காலையில ஒண்ணு."

மாத்திரை டப்பாவோடு அலையும் அக்காளைப் பார்த்து இருபது வருடம் சிரித்தவள் கினுயோ. அந்தச் சிரிப்பு வட்டியோடு திரும்பி வருமே என்பதுதான் அவள் கவலை. அன்றே கொம்பை விட்டாள். கடைச் சூப்பை ருசி பார்க்கும் வேலை கணவர் தொகுஜியின் தலையில் விழுந்தது.

"எப்படி இருக்கு?"

"சூடா இருக்கு."

"ருசியைக் கேட்டேங்க!"

"சூடா, நல்லா இருக்கு."

நாலாவது வாரம் நடுவில் ஒரு பரிசோதனை. பதினேழு!

"வீட்டு மிசோ சூப்புல கொம்பு போடறீங்களா?" என்று டாக்டரம்மா குடைந்தார்.

"காஞ்ச மீனைச் சீவிப் போட்டது."

"கடையில வாங்கற சூப் பொடி?"

"தொடவே இல்லை. தொண்டைக்குக் கொப்புளிச்சதோட சரி!"

"எதால கொப்புளிச்சீங்க?"

தொகுஜி முந்திக்கொண்டார். "பழுப்பு மருந்து, டாக்டரம்மா. குரல் கம்மியிருக்குன்னு நாளைக்கு ஆறு தடவை. வீட்டுல தவளை வளர்க்கிற மாதிரி இருக்கு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அதுவும் அயோடின்தான்! முன்வாசல்ல துரத்திட்டுக் கொல்லை வழியா கூப்பிட்டிருக்கீங்களே."

"துப்பிடறேனே!"

"துப்பினாலும் உள்ள போறது போகும். இனிமே வெறும் தண்ணி. எட்டு வாரத்தை இன்னிலேர்ந்து புதுசா எண்ணுங்க."

எண்ணினாள். முகம் வற்றியது, காலுறை பெட்டிக்குள் போனது. கடைசிப் பரிசோதனை முடிந்து கடைக்கு வந்து சேர்ந்தபோது மீனவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள்.

"என்னக்கா, குரல் திரும்பிடுச்சு போல!"

"எண்ணும் திரும்பிடுச்சுடா! மூணு! மாத்திரையும் கிடையாது, மண்ணும் கிடையாது. என் அக்காகிட்டப் போய்ச் சொல்லுங்க, எல்லாம் என் வைராக்கியம்!"

உள்ளே சோற்று உருண்டை பிடித்துக்கொண்டிருந்த தொகுஜி தலையைத் தூக்காமல் சொன்னார்: "மூணு இல்லை, ஆறு. அடுத்த மாசம் மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. மாத்திரையா இல்லையான்னு அப்பத்தான் சொல்லுவாங்களாம்."