ஓடைக்கு எந்தப் பக்கம்

சேலத்து மிஷன் பள்ளியில் எனக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார அம்மாளுக்கு உலகம் என்றால் இங்கிலாந்தில் அவர் பிறந்த கிராமம்தான். நடுவில் ஒரு சர்ச்சு, அதற்குக் கட்டுப்பட்ட சில குடியிருப்புகள். எது எப்போது உண்டானது, எது யாருக்கு வரி கொடுத்தது, கல்லறைச் சுவர் இடிந்தால் எந்தப் பகுதியை யார் கட்டவேண்டும் என்பதையெல்லாம் கரும்பலகையில் வரைந்து காட்டுவார். வருடம் ஒருமுறை ஊரார் பாதிரியாரோடு எல்லையைச் சுற்றி நடப்பார்களாம். எல்லைக் கல் வந்ததும் ஒரு பையனைப் பிடித்து அதில் முட்டுவார்களாம், கிழவனான பிறகும் கல் இருந்த இடம் அவனுக்கு மறக்கக்கூடாது என்று. நாங்கள் தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். இந்தப் புத்திசாலிகளா கப்பலேறி வந்து நம்மை ஆள்கிறார்கள் என்று.

பிறகு எனக்குக் கல்யாணமாகி நாமக்கல் பக்கம் வந்தேன்.

இங்கே தாய்க்கிராமம் ஒன்று. அதைச் சுற்றிச் சோளக்காடுகளுக்கு நடுவே நாலைந்து வீடுகளாகச் சிதறிக் கிடக்கும் வளவுகள். எங்கள் வளவின் சரித்திரம் சின்னது. என் மாமனாரின் பாட்டன் ஆட்டுப்பட்டி போட வந்த இடத்தில் கிணறு வெட்டினார், தண்ணீர் வந்தது, தங்கிவிட்டார். அவர் தங்கியது ஓடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில்தான் தலைமுறை தலைமுறையாகச் சண்டை. ஓடைதான் ஊர் எல்லை. அதுவோ ஏதோ ஒரு வெள்ளத்தில் தடம் மாறிவிட்டது. பழைய தடத்தைப் பார்த்தால் நாங்கள் உள்ளூர், புதிய தடத்தைப் பார்த்தால் வெளியூர். சர்க்காருக்கு இதில் அக்கறை இல்லை. எந்தப் பக்கம் இருந்தாலும் வரி வாங்கிக்கொண்டது. அக்கறையெல்லாம் ஊராருக்குத்தான், அதுவும் மாரியம்மன் திருவிழாவான நோம்பியின்போது. உள்ளூர் என்றால் மாவிளக்கு வரிசையில் எங்கள் வீட்டுக்கு இடம் உண்டு. வெளியூர் என்றால் கூட்டத்தோடு நின்று கும்பிட்டுவிட்டுப் போகவேண்டியதுதான்.

நோம்பிக்கு நோம்பி என் மாமனார் "உள்ளூர்" என்பார். கோவில் காரியங்களைப் பார்த்துவந்த கொத்துக்காரர் "வெளியூர்" என்பார். வேட்டியை மடித்துக் கட்டுவார்கள், அவிழ்ப்பார்கள், மோர் குடிப்பார்கள், கலைந்துபோவார்கள்.

ஜெர்மன்காரன் சண்டைக் காலத்தில் வந்த ஒரு நோம்பி. கோவிலுக்கு முன் வேப்பங்கம்பம் நட்டாகிவிட்டது. நட்டதைப் பிடுங்கும்வரை உள்ளூர்க்காரர் யாரும் எல்லை தாண்டிப் போய் ராத்தங்கக் கூடாது. அந்தச் சமயத்தில்தான் என் சின்ன மகளுக்குத் தொண்டையில் கட்டி கிளம்பியது. எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. மூச்சு, பலகையில் ரம்பம் இழுப்பதுபோல் வந்தது. என் வீட்டுக்காரர் வண்டி பூட்டினார். மாமனார் முன்னால் ஏறி உட்கார்ந்தார். கோவிலைத் தாண்டித்தான் பஸ் போகும் சாலைக்குப் போகவேண்டும்.

கோவில் முன் கொத்துக்காரர் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தி மாமனாரைக் கேட்டார்.

"என்னுங்க மச்சான், கம்பம் நட்டிருக்குது, வண்டி எங்கீங்க போவுது?"

"கொளந்த மூச்சுக்குத் தவிக்குதுங்க. நாமக்கல் ஆசுபத்திரிக்கு."

"பொளுதோட திரும்பிருவீங்களா?"

"அது டாக்டரு சொல்றதப் பொறுத்துங்க."

"அப்பப் போவப்படாதுங்க. உள்ளூர்க்காரரு வெளிய தங்குனா ஆத்தா பொறுக்கமாட்டா."

எனக்குத் தாங்கவில்லை. "ஏனுங்க, போன நோம்பிக்குக்கூட எங்கள வெளியூருன்னு தொரத்துனீங்களே?"

கூட்டம் சிரித்தது. கொத்துக்காரர் சிரிக்கவில்லை. பல வருடமாகத் தேடிய சாவி கையில் கிடைத்தவர்போல் நிமிர்ந்தார்.

"அதத்தானுங்க அம்மிணி நானும் சொல்றன். 'நாங்க வெளியூரு'ன்னு மச்சான் இந்தக் கம்பத்துக்கு முன்னால ஒருக்காச் சொல்லட்டும். மாட்ட நானே ஓட்டிவுடறன்."

எல்லோரும் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டார். பேத்தி மேல் உயிரையே வைத்திருந்தவர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாவிளக்கு வரிசை ஒரு பக்கம் நின்றது.

"பொறு சாமி," என்றார் என்னிடம். "பளைய தடத்த ஒருக்காப் போயிப் பாத்துட்டு வந்துரலாம். எல்லக்கல்லு அங்கதான் கெடக்கோணும்."

நாலைந்து பேர் குடையை விரித்துக்கொண்டு ஓடைப்பக்கம் கிளம்பியும் விட்டார்கள். கல் அகப்பட்டால் அதில் எந்தப் பையனை முட்டப்போகிறீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. மடியில் கிடந்தவளின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

நான் இறங்கிக் கம்பத்துக்கு முன் போய் நின்று கத்தினேன். "நாங்க வெளியூருங்க!"

"பொம்பள சொல்லி எல்ல மாறுமா?" என்றார் கொத்துக்காரர். "பொம்பள பேச்சு இதுல சேத்தி இல்லீங்க அம்மிணி."

மாமனார் வேகமாகத் தலையாட்டினார். அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் அன்றுதான் பார்த்தேன்.

"சேத்தி இல்லாதவ எல்லயத் தாண்டுனா அதுவும் சேத்தி இல்லீங்களே," என்று சொல்லிவிட்டு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் பாதித் தூரம் போய்விட்டேன். என் வீட்டுக்காரர் மாட்டுக்கயிற்றை அப்படியே போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் பின்னால் ஓடிவந்தார். பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு மேட்டிலும் அது திணறி நின்றபோது, மகளின் மூக்கருகே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் கட்டியைக் கீறிவிட்டார். "இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால்" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கழுவப் போய்விட்டார்.

நாங்கள் திரும்பிவந்தபோது ஊர் கூடிப் பேசி எல்லாவற்றையும் சரிக்கட்டியிருந்தது. நானும் மகளும் சேர்த்தி இல்லை. ஆகையால் போகவே இல்லை. ஆண்பிள்ளை ஒருவர் தாண்டிவிட்டாரே, அதற்கு என்ன செய்வது? காணாமல்போன மாட்டைத் தேடிப் போனார் என்று முடிவு செய்திருந்தார்கள். மாட்டை வண்டியோடு வீட்டுக்கு ஓட்டிவந்தவரே என் மாமனார்தான். அடுத்த நோம்பிக்கு உள்ளூர், வெளியூர் மறுபடியும் தொடங்கியது.

"நீ ஆசுபத்திரிக்கே போவலியே சாமி," என்று இப்போதும் அவர் பேத்தியைக் கேலி செய்வார். அவளும் சிரிக்கிறாள். அவள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் நான் கைவேலையை நிறுத்திவிட்டு அவள் தொண்டையைப் பார்க்கிறேன், இறங்குகிறதா என்று.