எடைச்சீட்டு வராத திங்கட்கிழமை

ஓசியில் கொடுத்த மென்பொருளைப் பழுது பார்க்கிறவனுக்கு நன்றியும் கிடையாது, நிம்மதியாக ஒரு காப்பியும் கிடையாது. லினக்ஸில் பில்ட் உடைந்து பல்லைக் கடித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

எடைமேடைகளில் சீட்டு அச்சடிக்க ஒரு சின்ன மென்பொருள் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். எடுத்துக்கொண்டார்கள். என்னையும் சேர்த்து.

கேட்டதால் அமுக்கினார்

மல்லசமுத்திரம் பக்கம் எடைமேடை வைத்திருக்கும் பழனிசாமியிடமிருந்து திங்கட்கிழமை காலையில் போன். மரவள்ளிக்கிழங்கு லாரிகள் வரிசையில் நிற்கின்றன. எடை காட்டுகிறது, சீட்டு வரவில்லை. அச்சடித்த சீட்டு இல்லாமல் ஜவ்வரிசி மில்லில் லோடை இறக்கமாட்டார்கள். கிழங்கோ, பிடுங்கிய மறுநாளே கறுக்கும். கறுத்தால் விலை போச்சு.

என்னய்யா செய்தீர் என்றேன். முந்தின நாள்தான் கம்ப்யூட்டரில் மொத்த லினக்ஸையும் புதுப் பதிப்புக்கு மாற்றியிருக்கிறார்.

"ஏனுங்க, அப்டேட் பண்ணட்டுமான்னு அதுவே மரியாதையாக் கேட்டுச்சு. மாட்டேன்னு எப்பிடிங்க சொல்றது?"

முதல் ஆள்

வீட்டில் அதே புதுப் பதிப்பில் பில்ட் போட்டு, அதாவது எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாகக் கட்டிப் பார்த்தேன். பாதியில் நின்றது. பிரிண்டரோடு பேசுகிற லைப்ரரி என்கிற துணை நிரல் புதுப் பதிப்பில் இல்லவே இல்லை. அந்தப் பதிப்பைத் தயாரிக்கிற குழுவில் எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். கூப்பிட்டுக் கத்தினேன். லாரி, கிழங்கு, மில் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"சார், அதை எடுத்து எவ்வளவோ நாளாச்சு. தேடி வந்த மொத ஆளே நீங்கதான்."

சந்தனப் பொட்டு

அந்த லைப்ரரி இல்லாமலே ஓடும்படி நிரலை மாற்றி, பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். வெயில். வரிசை ரோடு வரை வந்திருந்தது.

அங்கே பில்ட் முதல் படியிலேயே முரண்டு பிடித்தது. இப்போது உண்டாக்கிய கோப்பு, நீ கொண்டுவந்த கோப்பைவிடப் பழையதாக இருக்கிறது, கடிகாரத்தைப் பார் என்றது. பார்க்கலாம் என்றால், திரையில் நேரம் தெரிகிற மூலையில் ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் நின்றது.

பழனிசாமிக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

"திங்கக்கெழம ஏழரையிலிருந்து ராவுகாலமுங்க. மொதச் சீட்டுல அந்த நேரம் உழுந்தா மில்லுக்காரரு மூஞ்சியச் சுளிப்பாரு. அதான் எட்டே முக்கால ஏழேகாலாத் திருப்பி வெச்சேன்."

பத்தே முக்கால்

கடிகாரத்தைச் சரிசெய்தேன். பில்ட் முனகாமல் முடிந்தது. முதல் லாரி மேடையேறியது, சீட்டும் வந்தது. பழனிசாமி அதைக் கிழிக்காமல் உற்றுப் பார்த்தார். மணி பத்தே முக்கால். திங்கட்கிழமை பத்தரைக்கு எமகண்டம் தொடங்கிவிடும். பன்னண்டு வரைக்கும் பொறுக்கலாமுங்களா என்று என்னிடமே கேட்டார். எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

லோடு கொண்டுவந்த விவசாயி லாரியிலிருந்து ஒரு கிழங்கை உருவி ஒடித்துப் பார்த்தார். உள்ளே நீல நரம்பு ஓட ஆரம்பித்திருந்தது. விறுவிறுவென்று உள்ளே வந்து, சீட்டை அவரே கிழித்துக்கொண்டார்.

"எமனே வந்து எடை போட்டாலுஞ் செரிங்க சாமி, கெழங்கு கறுக்கறதுக்குள்ள நான் மில்லுக்குப் போவோணும்!"

பில்டுக்கு என்னென்ன தேவை என்று குறித்துவைக்கிற இடத்தில் இப்போது பஞ்சாங்கத்தையும் சேர்த்துவிட்டேன்.