இந்தத் தளத்துக்கு மட்டும்

அலுவலகத்தில் அவனை எல்லோரும் பஞ்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கே ஓட்டை விழுந்தாலும் அவன்தான் ஒட்டவேண்டும் என்பதால் வந்த பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

வலைப்பூக்களை வாடகைக்கு விடும் நிறுவனம் அது. ஒரே கட்டடத்தில் ஊர்ப்பட்ட குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரும் கூரையும் பொது. சமையல் குறிப்பு எழுதுபவர், பூனைப் படம் போடுபவர், சம்பந்தி வீட்டைத் திட்டித் தீர்ப்பவர் என்று ஆளுக்கொரு அறை. யாருக்காவது கூடுதலாக ஒரு வசதி வேண்டுமென்றால், பஞ்சர் அதற்கு பிளகின் என்ற குட்டி நிரல் ஒன்றை எழுதிச் செருகவேண்டும். ஒரு அறையில் மட்டும் செருகலாம், கட்டடம் முழுக்கவும் செருகலாம். 'இந்தத் தளத்துக்கு மட்டும்', 'எல்லாத் தளங்களுக்கும்' என்று திரையில் இரண்டு பட்டன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். அவன் பிழைப்பு மொத்தமும் அந்த இரண்டு பட்டன்களில்தான் ஓடியது.

வீட்டில் அக்கா மட்டும்தான். பார்சல் கிடங்கில் பெட்டி கட்டி அவனைப் படிக்கவைத்தவள். அங்கேயே ஒருநாள் மேலிருந்து சரிந்த பெட்டிகள் அவள் இடுப்பை ஒடித்துவிட்டன. கிடங்குக்காரர்கள் பழக்கூடையோடு வந்து, நின்றபடியே நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அதன்பிறகு ஜன்னலோரக் கட்டில்தான் அவளுக்கு எல்லாம். பொழுது போகட்டுமே என்று பஞ்சர் ஒரு வலைப்பூ திறந்து கொடுத்தான்.

அக்கா கிடங்கைப் பற்றி எழுதினாள். மேஸ்திரியின் கெட்ட வாய், விரலில் ஒட்டிக்கொண்டு வராத டேப், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே அனுப்பிய பெட்டிகள். உள்ளதைச் சொன்னால் சுமாராகத்தான் எழுதினாள். ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை.

"யாராச்சும் படிச்சாங்களாடா?" அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள்.

"படிப்பாங்கக்கா. இப்பதானே ஆரம்பிச்சிருக்க."

முதலில் கேட்பதை நிறுத்தினாள். பிறகு எழுதுவதை நிறுத்தினாள். பிறகு தட்டில் பாதியை அப்படியே தள்ளிவைக்க ஆரம்பித்தாள்.

ஒட்டுப்போடுவதைத் தவிர வேறென்ன தெரியும் அவனுக்கு? ஒரு பிளகின் எழுதினான். அக்கா பதிவு போட்டதும் யாராவது வந்து பாராட்டிவிட்டுப் போவார்கள். வழிப்போக்கன் என்று ஒருவர், மழைப்பிரியை என்று ஒருத்தி, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். மூவரும் அவன் பெற்ற பிள்ளைகள்தான். நிஜ ஆட்கள் எவராவது வந்து ஏடாகூடமாக எழுதிவைத்தால் அக்கா தாங்கமாட்டாள் என்று, வெளியார் பின்னூட்டங்களை வாசலிலேயே நிறுத்திவைக்கவும் வழி செய்தான். அவற்றை அவன் பார்த்துத்தான் உள்ளே விடவேண்டும். முதலில் வந்ததெல்லாம் வழுக்கைத் தலை மருந்து விளம்பரம். அதோடு பார்ப்பதை விட்டுவிட்டான்.

அக்கா தட்டைக் காலி செய்தாள். வாத்தியார் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். மனைவியை இழந்தவர் என்பதால் பக்கம் பக்கமாக ஆறுதல் சொன்னாள். கணினியைத் திறக்குமுன் தலைசீவிக்கொள்வதைப் பஞ்சர் பார்த்தான். பார்த்தும் நிறுத்தவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும், படுபாவி.

"வாத்தியார் ஏண்டா சொன்னதையே சொல்றாரு? உடம்புக்கு எதும் முடியலையோ?" என்று ஒருநாள் கவலைப்பட்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் வைத்து வாத்தியாருக்குப் புது வசனங்கள் எழுதி பிளகினை ஏற்றினான். வேறு தளத்தில் வேலைசெய்யாதபடி அதற்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம். நம் அக்காவுக்கு மட்டும்தானே, இதற்கெதற்குப் பூட்டு என்று சோம்பல். முதுகுக்குப் பின்னால் முதலாளி வேறு எதற்கோ கத்திக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்தினான். பக்கத்துப் பட்டனை.

பொழுது சாய்வதற்குள் வாத்தியார் கட்டடம் முழுக்கச் சுற்றி வந்துவிட்டார். பூனைப் படத்துக்குக் கீழே, 'உங்கள் வரிகளில் மறைந்த என் மனைவியின் குரல் கேட்டது.' சம்பந்தி வீட்டை வைத வசவுக்குக் கீழேயும் அதே குரல். தக்காளி சூப் செய்முறைக்குக் கீழேயும் அதே மனைவி.

காலையில் விஷயம் தெரிந்து, அதை அணைக்க ஓடினான் பஞ்சர். முதலாளி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் வேலையாய்யா இது? அணைச்சுக்கிணைச்சு வச்சிராத! கணக்கை மூடுறேன்னு நின்னவங்கள்லாம் போன் பண்ணி நன்றி சொல்றாங்க. இன்னும் நாலு வாத்தியாரைப் போடு."

"சார், எங்கக்கா..."

"அக்காவுக்கும் போடுய்யா. நம்ம வீட்டு ஆளுக்கு இல்லாததா?"

வீட்டில் அக்கா தலை சீவாமல் உட்கார்ந்திருந்தாள். சூப் எழுதும் பெண்ணின் வலைப்பூவை அவள் தவறாமல் படிப்பவள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"வாத்தியார் பொண்டாட்டியைக் கொன்னது நீதானா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டினான்.

"மத்த ரெண்டு பேரும்?"

தலையாட்டினான்.

"ஒருத்தர்கூட நிஜமில்லையாடா?"

அழுதிருந்தால்கூடத் தேவலை. அவள் கணக்குப் பார்க்கிறவள் மாதிரி நிதானமாகக் கேட்டாள். அப்போதுதான் அவனுக்கு அந்த வாசல் ஞாபகம் வந்தது. பதறிப்போய்த் திறந்து தேடினான். மருந்து விளம்பரங்களுக்கு நடுவே ஒருத்தி, மாதக்கணக்காகத் தட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

'மேஸ்திரி பற்றி எழுதியது பிடித்திருந்தது. ஆனால் கடைசியில் அவசரப்பட்டுவிட்டீர்கள். அவர் முகம் எனக்குத் தெரியவேயில்லை.' இப்படியே ஒவ்வொரு பதிவுக்கும் எழுதியிருந்தாள். தானும் படுக்கையில் கிடப்பவள் என்று நடுவில் ஒருமுறை சொல்லியிருந்தாள். கடைசியாக வந்தது இது: 'வாத்தியாருக்குப் பக்கம் பக்கமாகப் பதில் போடுகிறீர்கள். எனக்கு ஒரு வரிகூட இல்லை. தொந்தரவு செய்கிறேன் போலிருக்கிறது. இனி வரமாட்டேன்.'

"அக்கா, இது நிஜம். உன்மேல சத்தியமா நிஜம்க்கா. நான்தான் உள்ள விடாம வச்சிருந்தேன்."

அக்கா ஒன்றுவிடாமல் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இதைத்தாண்டா நல்லா எழுதியிருக்க. குறை சொல்லி, கோவிச்சுக்கிட்டு, அடேயப்பா! வாத்தியாரைவிட இவ எவ்வளவோ தேவல."

அந்தப் பெண்ணின் முகவரிக்குக் கெஞ்சி எழுதினான். நாட்கள் போயின, பதில் வரவில்லை. அக்காவின் தட்டு மறுபடியும் பாதியோடு திரும்பிவர ஆரம்பித்தது. அலுவலகத்தில் முதலாளி அவனுக்குச் சம்பளம் கூட்டினார்.

"எல்லாத்தையும் அழிச்சிரு," என்றாள் அக்கா ஒருநாள்.

"நீ எழுதினதாச்சும் இருக்கட்டும்க்கா."

"எதுக்கு? யார் படிக்க?" கணினியை அவன் பக்கம் தள்ளினாள். "நீயே அழி. உனக்குத்தான் பட்டனெல்லாம் தெரியும்."

பஞ்சர் பக்கத்தைத் திறந்தான். அழிப்பதற்கும் இருந்த அதே இரண்டு பட்டன்களையும் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்தான். 'இந்தத் தளத்துக்கு மட்டும்' என்பதில் விரலை வைத்து, இந்த முறை சரியாக அழுத்தினான்.