சிறை வாசலில் ஒரு 'போயிட்டு வாங்க'

சிறைக்குள் வர இரண்டு வழி உண்டு. ஒன்றுக்கு வாரண்ட், இன்னொன்றுக்கு விண்ணப்பம். விண்ணப்பம் போட்டு வருகிறவர்களை உள்ளே தக்கவைப்பதுதான் பெரும்பாடு. பிரான்ஸில் வெகுகாலம் ஆள் எடுக்கும் வேலை பார்த்துவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பியவன் நான். இங்கே ஒரு சிறையில் வார்டர்களைத் தேர்ந்தெடுத்து, பழக்கி, அவர்களுக்குத் துணைநிற்கும் பொறுப்பு கிடைத்தது. புது ஆளை வேலைக்கு வைத்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஜவுளிக்கடை அனுபவம்

வரிச்சிக்குடி பாஸ்கர் நேர்முகத் தேர்வுக்கு வந்தபோது ஜவுளிக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அதாவது, அதுதான் உத்தியோகம்: வருகிறவர்களைக் கும்பிட்டு 'வாங்க வாங்க' என்று உள்ளே அனுப்புவது. அதை விட்டுவிட்டு ஏன் சிறைக்கு வருகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலுக்குத் தேர்வுக்குழு மொத்தமும் மதிப்பெண் போட்டது.

"உள்ள போனவங்க ஒண்ணும் வாங்காம வெளிய வந்துட்டா மொதலாளி என்னையத்தான் ஏசுவாரு சார். இங்க அப்புடி யாரும் சட்டுனு வெளிய வந்துட மாட்டாங்கள்ல."

கூட யாரு?

கைதியிடமும் 'ங்க' போட்டுப் பேசுங்கள் என்பது என் முதல் பாடம். தலைமை வார்டர் ஜெயபாலுக்கு அது பிடிக்கவில்லை. 'டா' போடாவிட்டால் சிறையே நடக்காது என்பது அவர் கட்சி. பாஸ்கரோ பாடத்தை ஒரு படி மேலே கொண்டுபோனார். முதல் நாளே போலீஸ்காரர்கள் ஒரு திருட்டு வழக்கு ஆசாமியைக் கொண்டுவந்து விட்டார்கள். பழைய வாசல் பழக்கத்தில் பாஸ்கர் அவரைக் கும்பிட்டு வரவேற்று, தனியாகத்தான் வந்தீர்களா, கூட யாராவது வருகிறார்களா என்று விசாரித்தார். ஆசாமியும் பொறுப்பாகப் பதில் சொன்னார்.

"கூட ரெண்டு பேரு உண்டு தம்பி. போலீசுல இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க."

போலகத்து மாமியார் வீடு

பாஸ்கருக்கு அது தகுதிகாண் பருவம். வேலை நிரந்தரமானால்தான் கல்யாணத்துக்குத் தேதி வைப்போம் என்று பெண் வீட்டார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். தகுதிகாண் பருவம் முடியப்போகிற நேரம் பார்த்து, தண்டனை முடிந்து ஒருவர் விடுதலையானார். நம் பக்கம் யாரையும் வெறுமனே 'போங்க' என்று அனுப்புவதில்லையே. பாஸ்கர் வழக்கம்போலக் கதவைத் திறந்துவிட்டு, வாய் நிறைய 'போயிட்டு வாங்கண்ணே' என்றார்.

வெளியே அந்த மனிதரின் மனைவி, அம்பகரத்தூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, திருஷ்டி கழிக்கப் பூசணிக்காயும் கையுமாக நின்றிருந்தார். காதில் விழுந்ததுதான் தாமதம், பூசணிக்காயோடு கண்காணிப்பாளர் அறைக்குப் போய்விட்டார்.

"திரும்பி வாங்கன்னு கூப்புட இது என்னா மாமியா வூடா? அவருக்கு மாமியா வூடு போலகத்துல இருக்குங்க. அந்தத் தம்பிகிட்ட சொல்லி வைங்க."

சொல்லுக்குப் பஞ்சம்

பாஸ்கரை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மறுநாள் முடிவு செய்வதாகக் கண்காணிப்பாளர் சொன்னார். அதற்குள் சரியான சொல்லைக் கற்றுக்கொடுத்தால் பிள்ளை தப்புவார் என்று வார்டர்களைக் கூட்டினேன். 'போங்க' என்றால் விரட்டுகிற மாதிரி. 'வராதீங்க' என்றால் மூஞ்சியில் அடிக்கிற மாதிரி. நான் படித்த பிரெஞ்சிலும் விடைகொடுக்கும் சொல்லுக்கு 'மறுபடி பார்ப்போம்' என்றுதான் அர்த்தம். கடைசியில், 'நல்லபடியா போய்ச் சேருங்க' எப்படி என்று கேட்டேன். ஜெயபால் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அப்புடிச் சொன்னா அடுத்த புகாரு எமலோகத்துலேருந்துதான் வரும் சார்."

தலைமை வார்டர் வாக்கு

மறுநாள் நான் மனித மாண்பைப் பற்றி விரிவாகப் பேசினேன். கண்காணிப்பாளர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தலைமை வார்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன். ஜெயபால் தொண்டையைச் செருமினார்.

"நா 'போய்த் தொலைடா'ன்னு அனுப்புன பயலுவ பாதிப் பேரு திரும்பி வந்திருக்கானுவ ஐயா. இவன் 'வாங்க'ன்னு அனுப்புனதுல ஒருத்தன்கூட இன்னும் வரல."

பாஸ்கரைத் தேர்ந்தெடுத்ததும் பழக்கியதும் நான்தான் என்றாலும், அவர் வேலையை நிரந்தரமாக்கி, கல்யாணத்துக்குத் தேதியும் வைக்கச் செய்த பெருமை முழுக்க எதிர்க்கட்சிக்கே போய்விட்டது.