மாமா கொண்டுவந்த வெள்ளைக்காரர்கள்

என் பேத்தி பாளையங்கோட்டையில் சைக்காலஜி படிக்கிறாள். போன லீவுக்கு வந்தவள், மனுஷ மனசை ஆராய்ச்சி பண்ணிப் பேர் வாங்கிய பெரிய மூளைக்காரர்களைப் பற்றிச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "தாத்தா, ஒங்களுக்கு இது புரியாது" என்றாள்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் தூத்துக்குடியில் இரண்டு ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறேன். என் லாரிகள் கொச்சி வரைக்கும் மீன் ஏற்றிப் போகின்றன. ஒருத்தன் தூக்கிவிட்டு நான் மேலே வந்தவன் இல்லை. எல்லாம் நானாக உண்டாக்கியது. எனக்குப் புரியாத விஷயம் என்று ஒன்றை இதுவரை எவனும் என் முன்னால் கொண்டுவந்து வைத்ததில்லை.

"ஏளா, நீ படிக்குத ஆளுகள்ல மூணு பேரு எங்க வீட்டுல குடியிருந்தவங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சொன்னது நிஜம். அவர்களைக் கொண்டுவந்தது என் தாய்மாமா.

மாமா அப்போது வாத்தியார் வேலைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வம்சத்திலேயே சட்டைப் பையில் பேனா சொருகிய முதல் ஆள். லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மூன்று வெள்ளைக்காரர் படங்களைக் கொண்டுவந்து மாதா சுரூபத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். அவர்கள் பேர் அன்றைக்கும் என் நாக்கில் நிற்கவில்லை, இன்றைக்கும் நிற்காது. ஒருத்தர் தாடி வைத்த டாக்டர், கனவைக் கேட்டே உள்ளே கிடப்பதை எடுத்துவிடுவாராம். இன்னொருத்தர் ரஷ்யாக்காரர், மணி அடித்தே நாய்க்கு எச்சில் ஊற வைத்தவர். மூன்றாமவர் அமெரிக்காக்காரர், தாடி கிடையாது, சினிமா நடிகர் மாதிரி இருப்பார். அவர் என்ன செய்தார் என்று மட்டும் மாமா எனக்குச் சொல்லவில்லை.

அம்மா தாடிக்கார டாக்டரைப் புனிதர் என்று நினைத்து மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்தாள்.

"யக்கா, இவரு புனிதரு இல்ல, டாக்டரு."

"டாக்டருன்னா சீக்கைத் தீப்பாருல்லா? எரியட்டும்" என்றாள் அம்மா.

அவளுக்குத் தீராத சீக்கு ஒன்று இருந்தது. முந்தின வருஷம் சங்கு குளிக்கப் போன என் அண்ணன் மேலே வரவில்லை. உடம்பும் கரை ஒதுங்கவில்லை. அப்பா அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சாமியார் வந்து வள்ளத்தை மந்திரிக்கிற நாளில், அந்த வீட்டுப் பையனை முதல்முதலாக வள்ளத்தில் ஏற்றி உட்கார வைப்பார்கள். அன்றிலிருந்து அவன் கடலுக்கு எழுதிக்கொடுத்த பிள்ளை. அந்த வருஷம் என் முறை. எனக்கு எட்டு வயது, கடல் என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட அலையில் கிடந்த நேரம்தான் அதிகம்.

அந்த லீவில்தான் சத்தம் ஆரம்பித்தது.

அப்பா கடலுக்குப் போயிருந்த ஒரு காலை. என் கால் அலையில் பட்டதுதான் தாமதம், முதுகுக்குப் பின்னாலிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம் வந்தது. காதுக்குள் ஆணி இறங்கினாற்போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. கவிழ்த்துப் போட்ட பழைய வள்ளம் ஒன்று கிடந்தது, அவ்வளவுதான். மறுபடி காலை வைத்தேன். மறுபடி 'டமார்'. வெளியே வந்தால் நின்றுவிடும். மறுநாளும் அப்படியே. அடுத்த நாளும் அப்படியே.

கூட விளையாடிய பயல்களுக்கும் கேட்டது. அவர்கள் இறங்கினால் ஒன்றும் இல்லை, நான் இறங்கினால்தான் வருகிறது. ஒருத்தன் கண்டுபிடித்துச் சொன்னான்:

"ஏலே, ஒங்க அண்ணன்லா கூப்புடுதான்!"

எல்லாரும் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. குடத்தில் தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். மாமா பக்கத்தில் உட்கார்ந்து மக்ரூன் தின்னக் கொடுத்து, என்னடா செய்கிறது என்று விசாரித்தார். அண்ணன் கூப்பிடுகிறான் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அம்மா அழுவாள். ஒன்றுமில்லை என்றேன்.

லீவு முடிந்து மாமா போய்விட்டார். சத்தம் போகவில்லை.

ஒருநாள் அலையில் கால் வைக்காமலே, ஒரு நண்டைத் துரத்திக்கொண்டு அந்தக் கவிழ்ந்த வள்ளத்தைச் சுற்றிப் போனேன். பின்னால் அம்மா குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். மடியில் மண்ணெண்ணெய்த் தகரம், கையில் இரும்புக் கம்பி. கண்ணை இறுக மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஓசைப்படாமல் திரும்பி வந்துவிட்டேன்.

நியாயமாக என் பயம் அன்றோடு தீர்ந்திருக்க வேண்டும். இரண்டு மடங்காயிற்று. ஏனென்றால் தகரம் அடிப்பது எதற்கு என்று எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆள் தண்ணீருக்குள் இருக்கும்போது சுறா நடமாட்டம் தெரிந்தால், வள்ளத்தில் இருப்பவர்கள் தகரத்தைத் தட்டித்தான் அதை விரட்டுவார்கள். அப்படியென்றால் நான் கால் வைத்தபோதெல்லாம் ஏதோ ஒன்று எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்திருக்கிறது. அம்மாவின் கண்ணுக்கு அது தெரிந்திருக்கிறது. என் கண்ணுக்குத் தெரியவில்லை.

பல வருஷம் கழித்து, அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றுதான் மாமா என்னிடம் விஷயத்தை உடைத்தார். அமெரிக்காக்காரர் ஒரு கைக்குழந்தையிடம் வெள்ளெலியைக் காட்டி, காட்டுகிற போதெல்லாம் பின்னால் இரும்பை அடித்து, எலியைக் கண்டாலே அலற வைத்தாராம். மாமா அதைக் கதையாகச் சொல்லப் போக, அம்மா பிடித்துக்கொண்டாளாம்: "தம்பி, எலிக்குச் செஞ்சத கடலுக்குச் செய்ய முடியுமால?"

"பெறவு அத அவுக்கவும் வழி இருந்துச்சு. பயப்படுத பொருள எட்ட வச்சு, முட்டாயக் கொடுத்து, கொஞ்சங் கொஞ்சமா கிட்ட கொண்டாரணும். நான் சொல்லிப் பாத்தேன். 'அவுத்தா கடலுக்குப் போயிருவாம்ல'ன்னு ஒங்கம்மா விடல" என்றார் மாமா. அப்போது எனக்குச் சொந்தமாக லாரி ஓடிக்கொண்டிருந்தது. கடல் வேண்டாம், கரையில்தான் பிழைப்பு என்று சின்ன வயதிலேயே நானே முடிவெடுத்ததாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போதும் அப்படித்தான் சொல்கிறேன்.

அந்த எட்டு வயதில் இதெல்லாம் தெரியாமலே மந்திரிக்கிற நாள் வந்தது. தெருவே கரையில் நின்றது. புதுச் சட்டை, கழுத்தில் ஜெபமாலை. சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்ததும் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு அலையில் இறங்கினார்.

"வாலே ராசா" என்றார். அண்ணன் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

தண்ணீர் என் பாதத்தைத் தொட்டது. காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. இடுப்பு வரைக்கும் வந்துவிட்டோம். அப்போதும் வரவில்லை. கீழே ஒரே கறுப்பு. அதற்குள் என்ன இருக்கிறதோ, அதை இன்றைக்கு விரட்ட ஆளில்லை. நான் அப்பாவின் தோளைக் கடித்தேன். உதறி அலறினேன். கரைப்பக்கம் திரும்பி, கூட்டத்தில் நின்ற அம்மாவைப் பார்த்துக் கத்தினேன்:

"யம்மா! தகரத்த அடி! தகரத்த அடிம்மா!"

"என்ன தகரம்ல?" என்றார் அப்பா. கரையில் யாரோ சிரித்தார்கள். அப்பாவின் முகம் சுருங்கியது. அப்படியே திரும்பி வந்து என்னை மணலில் இறக்கிவிட்டார்.

அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் என்னைக் காப்பாற்றியவள் இன்றைக்குப் பார்த்துத் தகரத்தை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள், அதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். பரவாயில்லம்மா என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.